மழைக்காட்டின் தரையில் நடக்கும் புறா

(மைசூருவில் தமிழ் வாசகர்களும் பறவை ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மைசூருவிலிருந்து தெற்கே 80 கிலோமீட்டர் போனால் பந்திப்பூர். மேற்கே நாகரஹொளே, அதைத் தாண்டினால் குடகு மலை. தென்கிழக்கே பிலிகிரி ரங்கன் மலை. காட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் பெரிய நகரங்கள் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை. அந்தக் காடுகளில் ஈரமும் நிழலும் உள்ள பகுதிகளில், சருகு மூடிய தரையில், பச்சைச் சிறகும் சிவந்த அலகும் கொண்ட ஒரு புறா நடமாடுகிறது. அதுதான் மரகதப்புறா, தமிழ்நாட்டின் மாநிலப் பறவை.

கர்நாடகத்தின் மாநிலப் பறவை பனங்காடை. அது திறந்த வெளியின் பறவை. மின்கம்பியிலும் வரப்போரத்து மரக்கிளையிலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி உட்கார்ந்திருக்கும். வயலில் இறங்கும் யாரும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. மரகதப்புறாவின் நிலை நேர் எதிர். மாநிலப் பறவை எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட உடனே விடை சொல்லிவிடுவார்கள். ஆனால் அதை ஒருமுறையாவது நேரில் பார்த்த தமிழர்கள் மிகக் குறைவு. பறவை அரிதாகிவிட்டது என்பது இதற்குக் காரணமில்லை. அது வாழும் இடத்துக்குள் நம் பார்வை போவதில்லை என்பதே காரணம். காடு என்றதும் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். இந்தப் புறாவைக் காண வேண்டுமானால் குனிய வேண்டும்.

இந்தச் சொற்பொழிவின் மையமும் அதுதான். மரகதப்புறாவின் உடல், நடை, உணவு, கூவல், அதற்கு வரும் ஆபத்து எல்லாமே காட்டின் தரையோடு கட்டுண்டவை. மரங்களை எண்ணிக் காட்டை அளப்பவர்களுக்கு இந்தப் பறவையின் வாழ்க்கை பிடிபடாது.

முதலில் தோற்றம். நீளம் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர். ஊர்ப்புறங்களில் காணும் புள்ளிப்புறாவைவிடச் சற்றே சிறியது, ஆனால் உருண்டு திரண்ட உடல், குட்டை வால். முதுகும் சிறகின் மேற்பகுதியும் பளபளக்கும் பச்சை. தலையின் பக்கங்களும் கழுத்தும் மார்பும் கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு, வயிற்றுக்குக் கீழே போகப்போகச் சாம்பல். ஆணின் நெற்றியும் புருவமும் வெள்ளை, உச்சந்தலை நீலச்சாம்பல், தோள் முனையில் ஒரு வெள்ளைத் திட்டு. பெண்ணின் உடலில் பழுப்பு மிகுதி. உச்சியின் சாம்பலும் தோளின் வெள்ளையும் அதற்கு மங்கல். அலகு பவளச் சிவப்பு, கால்களும் சிவப்பு. பறந்து விலகும்போது இடுப்புக்கு மேலே கறுப்பும் வெளிர்நிறமுமாகப் பட்டைகள் பளிச்சிடும். பெரும்பாலானோர் இந்தப் பறவையிடம் காண்பது அந்தப் பட்டைகளைத்தான், அதுவும் ஒரு நொடி.

அந்தப் பச்சையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இறகின் நுண்ணிய இழைகளில் உள்ள மெல்லிய படலங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் பிறக்கும் நிறம் அது. மயில் கழுத்தின் நிறமும் மாடப்புறாக் கழுத்தின் மினுக்கமும் இதே வகையைச் சேர்ந்தவை. எனவே ஒளி இல்லாத இடத்தில் இந்தப் பச்சையும் இல்லை. அடர்நிழலில் நடக்கும் மரகதப்புறா ஏதோ ஒரு கரும்பழுப்புப் பறவை போலத்தான் தெரியும். இலைகளுக்கிடையே ஒழுகி விழும் வெயில் துண்டு ஒன்றை அது கடக்கும்போது முதுகு பற்றிக்கொள்ளும். அடுத்த அடியில் மறுபடி அணைந்துவிடும். படத்தில் மட்டுமே இந்தப் பறவையை அறிந்தவர்கள் எப்போதும் ஒளிரும் ஒன்றைத் தேடிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். நிழலில் நகரும் இருண்ட உருவத்தைத் தேடிப் போகிறவர்களுக்கே அது கிடைக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். பச்சைப்புறா என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் வேறு இனம். ஆலமரமும் அத்தியும் பழுக்கும்போது கிளைகளில் கூட்டமாக இறங்கி, இலையோடு இலையாகக் கலந்துவிடும் மஞ்சள் கலந்த பச்சைப் புறாக்கள் அவை. அவற்றில் மஞ்சள் கால் கொண்ட இனம் மகாராஷ்டிரத்தின் மாநிலப் பறவை. அவை மர உச்சியின் வாசிகள். மரகதப்புறா கூட்டம் சேர்வதில்லை. தனியாகவோ ஜோடியாகவோ, தரையில்.

ஐரோப்பிய அறிவியல் இந்தப் பறவையை முதலில் கண்டது காட்டில் அல்ல. ஆங்கிலேய இயற்கையாளர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ், லண்டனை அடுத்த ராதர்ஹைத் பகுதியில் ஒரு வணிகரின் வீட்டில் உயிரோடு வளர்ந்த பறவையைப் பார்த்து வரைந்து, 1743-ல் தம் நூலில் வெளியிட்டார். கிழக்கிந்தியாவிலிருந்து வந்தது என்பது மட்டுமே அவருக்குச் சொல்லப்பட்டது. 1758-ல் லின்னேயஸ் அதற்கு இண்டிகா என்ற இனப்பெயரைச் சூட்டினார். இன்று சால்கோஃபாப்ஸ் இண்டிகா என்பது அறிவியல் பெயர். இந்தியா, இலங்கை தொடங்கி மியான்மர், மலாய் தீபகற்பம், இந்தோனேசியத் தீவுகள், பிலிப்பீன்ஸ் வரை இது பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் உள்ள நெருங்கிய உறவுப்புறாவை இப்போது தனி இனமாகக் கொள்கிறார்கள். அந்தமானுக்கு ஒரு துணையினமும் நிக்கோபாருக்கு இன்னொன்றும் உண்டு.

தமிழ் இலக்கியத்துக்குப் புறா புதிதல்ல. பாலை நிலத்துப் புறாவும், மாடத்தில் துணையோடு உறங்கும் புறாவும் சங்கப் பாடல்களில் வருகின்றன. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சோழனின் கதையை அறியாத தமிழர் இல்லை. மழைக்காட்டுப் புறாவின் தகவல்களைத் திரட்டும் வேலை மட்டும் பெரிதும் 20-ஆம் நூற்றாண்டுக்கு மிஞ்சிவிட்டது. அந்த வேலையில் மைசூருவுக்கு ஒரு பங்கு உண்டு. 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்த பறவையியலாளர் சாலிம் அலி, 1939-40-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தார். அவர் திரட்டியவை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1942-லும் 1943-லும் தொடராக வெளிவந்தன. காவிரித் தீவுகளில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதைக் கண்டு அவர் மன்னரிடம் எடுத்துச் சொன்னதன் பயனாக, 1940-ல் ரங்கனதிட்டு சரணாலயமானது. இங்கே அமர்ந்திருக்கும் எல்லோரும் குழந்தைகளோடு போய்வந்திருக்கும் இடம் அது. குடகு அந்நாளில் மைசூர் சமஸ்தானத்தில் சேராத தனி மாகாணம்; 1956-ல்தான் அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. மரகதப்புறாவுக்கு மிகவும் ஏற்ற ஈரக்காடுகள் இந்த வட்டாரத்தில் குடகிலும் அதையொட்டிய வயநாட்டிலும்தான் உள்ளன.

இனி அதன் நடை. காலை வெளுக்கும் வேளையிலும் மாலை சாயும் வேளையிலும், காட்டு வண்டித்தடங்களிலும் ஓடைக் கரைகளிலும் மரகதப்புறா வெளியே வரும். விறுவிறுவென்று நடக்கும்; தலை முன்னும் பின்னும் அசையும். புறாக்கள் ஏன் தலையை ஆட்டி நடக்கின்றன என்பதற்கு விடை கண்டவர் கனடாவின் ஃப்ராஸ்ட் என்ற ஆய்வாளர். 1978-ல் அவர் புறாவை நகரும் பட்டையின் மேல் நடக்க விட்டார். கால்கள் நடந்தன, ஆனால் சுற்றுப்புறம் நகரவில்லை. தலையாட்டம் நின்றுவிட்டது. உண்மையில் புறா தலையை முன்னே நீட்டி, உடல் வந்து சேரும்வரை அதை வெளியில் ஒரே புள்ளியில் அசையாமல் நிறுத்துகிறது. அந்தக் கணத்தில் கண்ணுக்குக் காட்சி கலங்காமல் நிலைக்கிறது. சருகும் நிழலும் வெயில் புள்ளிகளும் கலந்து கிடக்கும் மழைக்காட்டுத் தரையில் ஒரு விதையைப் பிரித்தறிய வேண்டிய பறவைக்கு, ஒவ்வோர் அடியிலும் கிடைக்கும் அந்த நிலைத்த பார்வைதான் பிழைப்பு.

அதன் உணவு உதிர்ந்த பழம், விதை, இடையிடையே கறையான். தரையில் விழுந்ததைத்தான் பெரிதும் பொறுக்கும். தண்ணீர் குடிப்பதிலும் புறாக்களுக்குத் தனி வழி. கோழி ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிவிடும். ஓடையோரத்தில் தலை குனிந்திருக்கும் நேரம் குறையக் குறைய எதிரிக்கு வாய்ப்பும் குறைகிறது.

பழம் தின்னும் பறவை என்றதும் விதை பரப்பும் பறவை என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். மரகதப்புறா விஷயத்தில் அது பெரும்பாலும் தவறு. அதன் அரைவைப்பை தடித்த தசையால் ஆனது. பொறுக்கி விழுங்கிய சிறுகற்களின் உதவியோடு விதைகளை அரைத்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இம்பீரியல் பிஜன் என்று பறவை நோக்குவோர் சொல்லும் பெரிய மலைப்புறா இதற்கு நேர்மாறு. அது காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகளை முழுதாக விழுங்கி, சதையை மட்டும் செரித்து, விதையை வெகுதொலைவில் போட்டுவிடும். இருவாச்சி செய்யும் வேலையின் ஒரு பகுதியை அது செய்கிறது. உச்சியில் ஒரு புறா விதைக்கிறது, தரையில் ஒரு புறா அரைக்கிறது. இதைச் சொல்வதால் மரகதப்புறாவின் மதிப்பு குறைந்துவிடாது. தாய்மரத்தின் அடியில் குவியும் விதைகள் எல்லாம் முளைத்தால் ஒரே மரத்தின் கன்றுகளே தரையை அடைத்துக்கொள்ளும். உதிர்ந்ததைத் தின்னும் எலி, வண்டு, காட்டுக்கோழி, புறா எல்லாம் சேர்ந்து அந்த நெரிசலைக் குறைக்கின்றன. வேறு மரங்களுக்கு இடம் கிடைக்கிறது. ஒரு பறவை பயனுள்ளது என்று காட்ட அதற்கு இல்லாத தொண்டை ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கூவல் தாழ்ந்தது, மூக்கொலி கலந்தது. மெல்லத் தொடங்கி ஆறேழு முறை ‘ஹூம்… ஹூம்…’ என்று எழுந்து அடங்கும். பல நேரம் கேட்பவருக்கு அது ஒரு முனகல் போல இருக்கும். புறா கூவும்போது அலகைத் திறப்பதில்லை. தொண்டையை உப்பவைத்து அதன் வழியே ஒலியை வெளிவிடுகிறது. உயர்ந்த சுருதி இலைகளில் மோதிச் சிதறிவிடும். தாழ்ந்த சுருதி அடர்ந்த காட்டுக்குள் தொலைவு போகும். அதே காரணத்தால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதும் கடினம். குடகுத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் ஆண்டுக்கணக்கில் இந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். கூவிய பறவையைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

தென்னிந்தியாவில் கூடு கட்டும் பருவம் பெரும்பாலும் ஜனவரி முதல் மே வரை. அந்நாட்களில் ஆண் பெண்ணின் முன்னே தலையைத் தாழ்த்தி உயர்த்தி ஆடும். கூடு தரையில் அல்ல. புதரிலோ சிறுமரத்திலோ மூங்கிலிலோ, பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குள். நாலு குச்சியை அவசரத்தில் குறுக்கும் நெடுக்கும் போட்டது போன்ற மேடை. கீழிருந்து பார்த்தால் முட்டை தெரியும் அளவுக்கு மெல்லியது. முட்டைகள் இரண்டு, வெளிர் பாலாடை நிறம். ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டி, மாறி மாறி அடைகாக்கின்றன. இரண்டு வாரத்தில் குஞ்சு வெளிவரும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் கூட்டை விட்டுவிடும்.

அவ்வளவு விரைவாகக் குஞ்சு வளரக் காரணம் பால். தாயும் தந்தையும் தங்கள் தீனிப்பையின் சுவரிலிருந்து கொழுப்பும் புரதமும் செறிந்த, தயிர்க்கட்டி போன்ற ஒன்றைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன. மனிதத் தாயின் உடலில் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின்தான் இங்கேயும் வேலை செய்கிறது. பறவை உலகில் இந்த வழக்கம் புறாக்களையும் பூநாரைகளையும் எம்பரர் பென்குயினின் ஆணையும் தவிர வேறெதற்கும் இருப்பதாகத் தெரியவில்லை. மற்றச் சிறுபறவைகள் குஞ்சு பொரித்ததும் புழு பூச்சிக்கு அலைய வேண்டியிருக்கிறது. விதை தின்னும் புறா தன் உடலிலேயே குழந்தை உணவைத் தயாரித்துக்கொள்கிறது.

இவ்வளவும் பறவையின் பக்கம். இனித் தரையின் பக்கம்.

மழைக்காட்டுத் தரை என்பது மரங்கள் நிற்கும் இடம் மட்டும் அல்ல. ஆண்டெல்லாம் உதிரும் சருகு, அதில் வேலை செய்யும் பூஞ்சை, கறையான், மண்புழு, அதன் மேல் முளைக்கும் கன்றுகள், அவற்றின் மேல் விழும் மங்கிய ஒளி எல்லாம் சேர்ந்ததே தரை. குடகில் பெய்யும் மழை இந்தச் சருகின் வழியாக இறங்கித்தான் காவிரிக்கு மெல்ல மெல்ல வந்து சேர்கிறது. மைசூருவின் குழாயிலும் தஞ்சாவூரின் வாய்க்காலிலும் ஓடும் நீரில் அந்தத் தரையின் பங்கு உண்டு.

குடகின் காப்பித் தோட்டங்கள் நீண்டகாலம் காட்டு மரங்களின் நிழலில் வளர்ந்தவை. அத்தி, பலா, நூக்கு, காட்டில் தானாக முளைத்த இன்னும் எத்தனையோ மரங்கள். அவற்றின் அடியில் சருகும் உண்டு, உதிர்பழமும் உண்டு. ஆகவே மரகதப்புறா அங்கே வாழ்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் பல தோட்டங்களில் காட்டு மரங்கள் வெட்டப்பட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் அவற்றின் இடத்தைப் பிடித்தது. நேராக வளரும், மிளகுக்கொடி ஏற வசதி, வெட்டி விற்பதற்குத் தடையும் குறைவு. தோட்டக்காரருக்கு அது நியாயமான கணக்கு. தொலைவிலிருந்து பார்த்தால் தோட்டம் முன்போலவே பச்சையாகத்தான் தெரியும். ஆனால் சில்வர் ஓக்கிலிருந்து புறா தின்னக்கூடிய பழம் எதுவும் கீழே விழுவதில்லை. களைக்கொல்லி அடித்த தோட்டத்தில் கீழ்ச்செடிகளும் இல்லை. மரங்களின் எண்ணிக்கையில் குறைவு ஏதும் தெரியாமலே தரை வெறுமையாகிவிடுகிறது.

இந்த மாற்றத்தைத் திருப்ப முடியும் என்று காட்டிய முயற்சிகளில் ஒன்று மைசூருவில் வேர் கொண்டது. 1996-ல் தொடங்கி மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து தமிழ்நாட்டின் ஆனைமலையில், வால்பாறை மேட்டு நிலத்தில் மழைக்காட்டை மீட்டு வருகிறது. அந்த மேட்டு நிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890-கள் முதல் காடு வெட்டப்பட்டுத் தேயிலையும் காப்பியும் வந்தன. இடையிடையே சிறு சிறு காட்டுத் துண்டுகள் மிஞ்சின. அந்த அமைப்பின் திவ்யா முடப்பாவும் டி.ஆர்.சங்கர் ராமனும் தோட்ட நிறுவனங்களோடு பேசி அந்தத் துண்டுகளைக் காத்து, சிதைந்த பகுதிகளில் மறுபடி காட்டை நட்டார்கள். சாலையோரங்களில் விழுந்து வீணாகும் காட்டு விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, மண்டிய களையான உண்ணிச்செடியை அகற்றிய இடத்தில் பருவமழைத் தொடக்கத்தில் பல இனங்களைக் கலந்து நடுவது அவர்கள் வழி. ஓரினத் தோப்பு நடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தரையில்தான் தெரியும். 2022-ல் வெளியான அவர்களின் பறவை ஆய்வு, தானாக மீளட்டும் என்று விட்ட சிதைந்த காட்டைவிட, இவ்வாறு நட்டு மீட்ட இடங்களில் மழைக்காட்டுப் பறவைகளின் சமூகம் சிறப்பாகத் திரும்பியிருப்பதைக் காட்டியது. வால்பாறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சோலைமந்தியையும் இருவாச்சியையும் தேடிப் போகிறார்கள். அந்தச் சாலைகளிலேயே மரகதப்புறாவும் நடந்துகொண்டிருக்கிறது.

பிலிகிரி ரங்கன் மலையின் கதை வேறு. அங்கே மரங்கள் நிற்கின்றன. தரையை உண்ணிச்செடி பிடித்துக்கொண்டது. 1997-க்கும் 2008-க்கும் இடையில் அந்தச் செடி தென்படும் இடங்கள் ஏறக்குறைய இரு மடங்காகின என்று அங்கே நடந்த ஆய்வு கண்டது. முன்பு கோடைத் தொடக்கத்தில் தாங்கள் வைத்துவந்த மெல்லிய தரைத்தீ சரணாலய விதிகளால் நின்றதே இதற்குக் காரணம் என்பது அம்மலையின் பழங்குடியினரான சோலிகர்கள் சொல்லும் விளக்கம். தலைமுறைகளாக அந்தத் தரையில் நடந்தவர்களின் சொல் என்பதால் அதற்குத் தனி எடை உண்டு. எப்படி வந்ததாயினும், தோளுயரப் புதராக மண்டிய உண்ணிச்செடிக்குள் கன்றுகள் எழுவதில்லை, புல் இல்லை, நடந்து இரை தேடும் பறவைக்கு வழியும் இல்லை. பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் இதே நிலை. செயற்கைக்கோள் படத்தில் இது பச்சையாகவே பதிவாகும்.

சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புறாவுக்குச் சிறுகல் வேண்டும், விதை வேண்டும். இரண்டும் சாலையோரத்தில் கிடைக்கும். பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. யானைக்கும் சிறுத்தைக்கும் மானுக்கும் அது பெரிய காப்பு. தடை நீங்கிக் காத்திருந்த வண்டிகள் வரிசையாகக் கிளம்பும் அந்த நேரமோ, தரைப்பறவைகள் இரை தேடி வெளிவரும் நேரம். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் வேகத்தைக் குறைத்து ஓட்டினாலே போதும். அதற்கு எந்த ஆணையும் தேவையில்லை.

தரையில் வாழும் புறாக்களுக்கு என்ன நேரும் என்பதை உலகத்தின் தீவுகள் முன்பே காட்டிவிட்டன. டோடோ ஒரு புறாதான். மொரீஷியஸ் தீவின் தரையில் நடந்து வாழ்ந்தது; மனிதரும் அவர்கள் கப்பலில் வந்த எலியும் பன்றியும் கால் வைத்த பின் 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்தது. 2002-ல் வெளியான மரபணு ஆய்வின்படி, இன்று உயிரோடு இருப்பவற்றுள் டோடோவுக்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா. அதுவும் தரையில் இரை தேடுவதே. மெக்சிகோவைச் சேர்ந்த சொகோரோ தீவின் புறா 1972-க்குப் பிறகு காட்டில் காணப்படவில்லை. பூனைகளும் ஆடுகளும் அந்தத் தீவின் தரையைப் பாழாக்கின. கூண்டுகளில் வளர்த்த பறவைகளால் மட்டுமே அந்த இனம் நிற்கிறது. இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் மரகதப்புறாவின் துணையினம் ஒன்று வாழ்கிறது. அதை அழியும் ஆபத்தில் உள்ளதாக ஆஸ்திரேலியச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. அங்கேயும் பூனை, எலி, வெளியிலிருந்து வந்த எறும்பு.

நம் மலைகளில் மரகதப்புறாவுக்கு அந்த நிலை இல்லை. உலக அளவில் கவலைக்கு இடமில்லாத இனமாகவே அது பட்டியலில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதை வேட்டையாடுவதையும் பிடிப்பதையும் தடுக்கிறது. எண்ணிக்கையில் இன்னும் நலமாக இருக்கும்போதே ஒரு பறவையைப் பற்றிப் பேசுவது நல்லது. அப்போதுதான் செய்யக்கூடியவை சிறியவையாக, கைக்கு எட்டுபவையாக இருக்கும். தோட்டம் வைத்திருப்பவர் ஏக்கருக்குச் சில அத்தி மரங்களை விட்டுவைக்கலாம். ஓடையோரத்தில் பத்தடி அகலத்துக்குக் களை வெட்டாமல் விடலாம். வீட்டுப் பூனையையும் நாயையும் அவிழ்த்துக் காட்டோரத்தில் அலைய விடாமல் இருக்கலாம்.

கடைசியாகக் கண்ணாடி. மரகதப்புறா தாழ்வாக, நேராக, மிக வேகமாகப் பறக்கும். மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும் திறமை அதற்கு உண்டு. கண்ணாடியில் தெரியும் காட்டின் பிம்பத்தை அது காடென்றே நம்பிவிடும். காட்டுத் துண்டுகளுக்கு நடுவே உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் சிங்கப்பூரில், மோதி இறக்கும் பறவைகளில் இது அடிக்கடி காணப்படுகிறது. புறா இறகில் நுண்பொடி உண்டு. மோதிய கண்ணாடியில் விரித்த சிறகின் சுவடு வெள்ளையாகப் பதிந்து நிற்கும். குடகு, வயநாடு, வால்பாறை எங்கும் இப்போது காட்டைப் பார்த்தபடி சுவரளவு கண்ணாடி வைத்த விடுதிகள் எழுகின்றன. அவற்றைக் கட்டுவோருக்கும் அங்கே தங்கப் போவோருக்கும் இதைச் சொல்லலாம்: கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் பறவை விலகிப் போகும். பருந்து உருவம் ஒன்றிரண்டை மட்டும் ஒட்டுவதால் பயனில்லை; உள்பக்கம் ஒட்டினால் பிம்பம் அதை மறைத்துவிடும். மோதி விழுந்த பறவை உயிரோடு இருந்தால் தண்ணீர் ஊற்றவோ இரை புகட்டவோ வேண்டாம். காற்றுத்துளை உள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, காட்டோரத்துக்குக் கொண்டுபோய்த் திறக்க வேண்டும். பறக்கவில்லையானால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.